நல்ல எண்ணைச் சந்தேகிக்கும் தொழில்: ஆலைக் கருவியியலும் பகுப்பாய்வுக் கருவிகளும்

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில், 'எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்' என்றோ 'இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல்' என்றோ பட்டியலில் வரும் பாடப்பிரிவைப் பார்க்கும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதைப் படித்தவர்கள் என்ன வேலை செய்வார்கள்? சிவில் படித்தவர் கட்டடம் கட்டுவார், மெக்கானிக்கல் படித்தவர் இயந்திரம் பார்ப்பார் என்று சொல்வதுபோல் இதற்கு ஒரு வரியில் பதில் கிடைப்பதில்லை. அதனால் மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்கள் வேறு வழியின்றி எடுக்கும் பிரிவாகவும், நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் சேர்வதற்கான ஒரு வாசலாகவும் இது சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு நேற்று முளைத்ததன்று. சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியபோதே வானூர்தி, ஊர்தி, மின்னணுவியல் ஆகியவற்றோடு கருவித் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருந்தது. 75 ஆண்டுகள் கடந்தும் அந்தத் துறையின் வேலை இன்னதென்று ஆலைச் சுவருக்கு வெளியே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதை இங்கே முடிந்தவரை விளக்க முயல்கிறேன்.

அனல் மின்நிலையத்திலோ காகித ஆலையிலோ உள்ள ஒரு கொதிகலனை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியில் நீரும் நீராவியும் பிரியும் 'டிரம்' என்ற உருளைத் தொட்டி இருக்கும். அதில் நீர்மட்டம் அளவுக்கு மேல் இறங்கினால் நெருப்பில் இருக்கும் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். அளவுக்கு மேல் ஏறினால் நீர்த்துளிகள் நீராவியோடு சென்று டர்பைனின் அலகுகளைச் சேதப்படுத்தும். ஆகவே மட்டத்தை அளந்து, குறைந்தால் நீரைக் கூட்டி, கூடினால் குறைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் நீராவியின் தேவை திடீரென்று உயரும்போது டிரம்மில் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்ததும் நீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருக்கின்றன. குமிழிகள் பெருத்ததால் மட்டம் உயர்ந்ததுபோல் காட்டுகிறது. உள்ளே நீர் குறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் கருவி அது கூடுகிறது என்கிறது. அந்தச் சொல்லை அப்படியே நம்பும் கட்டுப்பாடு, நீர் அதிகம் தேவைப்படும் வேளையில் வால்வை மூடிவிடும். இதனால்தான் பெரிய கொதிகலன்களில் மட்டம், வெளியேறும் நீராவியின் அளவு, உள்ளே வரும் நீரின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கையாளுகிறார்கள். கருவியியல் படித்தவரின் வேலை என்ன என்ற கேள்விக்கு இதுவே என் முதல் பதில்: கருவி காட்டும் எண்ணுக்கும் ஆலைக்குள் உண்மையில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்து, அந்தத் தூரத்தைக் குறைப்பது.

ஒவ்வொரு கட்டுப்பாட்டு வளையமும், ஆலைக்காரர்கள் சொல்லும் 'லூப்', ஏறத்தாழ ஒரே உடலமைப்புக் கொண்டது. குழாயிலோ தொட்டியிலோ ஓர் உணரி இருக்கும். அது உணர்ந்ததை டிரான்ஸ்மிட்டர் மின்சாரமாக மாற்றிக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். அங்கே கட்டுப்படுத்தி தேவையான அளவோடு ஒப்பிட்டுக் கட்டளையிடும். அந்தக் கட்டளைப்படி களத்தில் ஒரு கன்ட்ரோல் வால்வு திறக்கும் அல்லது மூடும். டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் மின்னோட்டம் உலகெங்கும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை என்று வழக்கப்பட்டிருக்கிறது. சுழியிலிருந்து தொடங்காமல் 4-இலிருந்து தொடங்குவதில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. சுழியே 'தொட்டி காலி' என்று பொருள்பட்டால், எலி கடித்துக் கம்பி அறுந்த நிலையையும் காலியான தொட்டியையும் பிரித்தறிய முடியாது. 4 மில்லி ஆம்பியர் என்றால் கருவி உயிரோடு இருந்து 'காலி' என்கிறது. சுழி என்றால் கருவியே இல்லை. பழுதான கருவி நல்ல செய்தி சொல்வதுபோல் தோன்றிவிடக் கூடாது என்ற இந்தக் கவலை இந்தத் தொழிலின் எல்லா மூலைகளிலும் பரவியிருக்கிறது.

கட்டுப்படுத்தியைச் சரியாக இசைப்பது, அதாவது 'டியூனிங்', தனிக் கலை. ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942-இல் வெளியிட்ட விதிகளை இன்றும் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆலைக்கு வந்த பிறகுதான், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஒரு லூப்பில் குற்றம் பெரும்பாலும் கணக்கில் இல்லை, ஒட்டிக்கொண்டு நகரும் வால்வில் இருக்கிறது என்பதைக் கற்கிறார்கள். 1975-இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் கணினி அடிப்படையிலான பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகளை, ஆலைவழக்கில் 'டிசிஎஸ்', கொண்டுவந்த பிறகு கன்ட்ரோல் ரூமின் தோற்றமே மாறியது. காற்றழுத்தத்தில் இயங்கிய கருவிகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களின் இடத்தில் திரையில் நிரல் எழுதுபவர்கள் வந்தார்கள். ஆனால் களத்தில் வால்வை நகர்த்துவது இன்றும் பெரும்பாலும் காற்றுதான். இரண்டையும் அறிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

அழுத்தம், வெப்பம், மட்டம், ஓட்டம் ஆகிய நான்கும் இந்தத் துறையின் அன்றாடம். பொருளின் வேதிச் சேர்மானத்தையே ஓடும் குழாயில் அளக்கும் பகுப்பாய்வுக் கருவிகள், ஆலை மொழியில் 'அனலைசர்கள்', இதில் தனி உலகம். மாணவர்கள் மிகக் குறைவாக அறிந்ததும், நல்ல ஆட்கள் மிகவும் தேவைப்படுவதும் இங்கேதான் என்பது என் கணிப்பு. அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

எளியதாகத் தோன்றும் பி.எச். மீட்டரிலிருந்து தொடங்கலாம். கலிபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக ஆர்னால்டு பெக்மன் 1934-இல் மின்னணுப் பி.எச். மீட்டரை உருவாக்கினார். அதன் கண்ணாடி மின்முனை, 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். மாற்றத்துக்கு ஏறத்தாழ 59 மில்லி வோல்ட் தருகிறது, அமிலமோ காரமோ அல்லாத நடுநிலையான பி.எச். 7 என்றால் சுழி மில்லி வோல்ட். இப்போது அந்தக் கண்ணாடிக் குமிழில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? இரு பக்கமும் ஒன்றாகிவிடுவதால் மின்னழுத்தம் சுழிக்கு அருகில் நிற்கும். திரையில் 7 என்று காட்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோரும் விரும்பும் எண் 7. அமிலம் ஓடினாலும் 7, காரம் ஓடினாலும் 7. கன்ட்ரோல் ரூமில் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். நீண்ட நேரம் அசையாமல் நிற்கும் நல்ல எண்ணைக் கண்டு கவலைப்படத் தெரிந்தவர் மட்டும் மின்முனையைக் கழற்றி, பி.எச். எளிதில் மாறாத தாங்கல் கரைசல் ஒன்றில், 4 பி.எச். உள்ளதில், நனைத்துப் பார்ப்பார்.

பி.எச். அளவு மடக்கையில் அமைந்தது என்பதும் இங்கே நினைவிருக்க வேண்டும். தாங்கல் பொருள்கள் இல்லாத வன் அமிலக் கழிவை 3-இலிருந்து 4-க்குக் கொண்டுவரத் தேவைப்படும் காரம், 4-இலிருந்து 5-க்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போலப் பத்து மடங்கு. எனவே 7-ஐ நெருங்கும்போது ஒரு துளி கூடினாலும் எண் மறுபக்கம் தாவிவிடும். எந்த இடத்தில் மின்முனையை வைப்பது, காரத்தை எங்கே கலப்பது, எவ்வளவு நேரம் கலங்க விடுவது என்பவற்றை வேதியியல் தெரியாமல் முடிவு செய்ய இயலாது. அனலைசர் துறைக்கு வேதியியல் பட்டதாரிகள் வந்து சிறப்பாகச் செயல்படுவதற்குக் காரணம் இது.

வாயுக்களின் உலகம் இன்னும் சுவையானது. காந்தத்தால் ஈர்க்கப்படும் மிகச் சில வாயுக்களுள் ஆக்சிஜனும் ஒன்று என்ற பண்பைக் கொண்டு லைனஸ் பாலிங் 1940-இல் ஆக்சிஜன் மானியை வடிவமைத்தார். அதே தத்துவம் இன்றும் ஆலைகளில் வாழ்கிறது. கொதிகலன் புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளக்க, ஏறத்தாழ 700 டிகிரிக்குச் சூடாக்கப்பட்ட சிர்கோனியா பீங்கான் பயன்படுகிறது. ஆக்சிஜன் கூடுதலாக எஞ்சினால் வெப்பம் வீணாகப் புகைபோக்கி வழியே போகிறது. குறைந்தால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. இந்த ஒரு கருவியைச் சீராக வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் எரிபொருளை மிச்சப்படுத்தித் தருகிறார்.

ஆனால் அனலைசர் பெட்டி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதற்கு வந்து சேரும் மாதிரி உண்மையானதாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். அனலைசர் துறையில் பழுத்தவர்களிடம் கேட்டால், தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதி பெட்டியில் கழியவில்லை, குழாயிலிருந்து பெட்டி வரையுள்ள மாதிரி எடுக்கும் அமைப்பில் கழிந்தது என்பார்கள். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 4 மில்லி மீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 100 மீட்டர் நீளம் ஓடினால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர். சாதாரண வளியழுத்தத்தில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் மாதிரி ஒன்றேகால் நிமிடத்தில் வந்து சேரும். அதே குழாயில் வாயுவை ஐந்து மடங்கு அழுத்தத்தில் அடைத்து அனுப்பினால், ஐந்து மடங்கு வாயு அதற்குள் இறுகிக் கிடப்பதால், அனலைசர் வழியே அதே அளவு வாயு வெளியேறும்போது ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகும். திரையில் தெரிவது ஆறு நிமிடத்துக்கு முந்தைய ஆலை. ஆகவே மாதிரி எடுக்கும் இடத்திலேயே அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது அனுபவமுள்ள தொழில்நுட்பரின் முதல் விதி.

குளிர்ச்சி இன்னொரு பகை. புகைபோக்கியிலிருந்து வரும் வாயுவில் நீராவி நிறைந்திருக்கும். மாதிரிக் குழாயைச் சூடாக வைத்திருக்கும் மின்கம்பி ஓரிடத்தில் பழுதானால், அங்கே நீர் துளித்து நிற்கும்; கந்தக டை ஆக்சைடு அந்த நீரில் கரைந்துவிடும்; அனலைசருக்குப் போய்ச் சேர்வது கந்தகம் குறைந்த வாயு. கருவி பொய் சொல்லவில்லை. தனக்கு வந்ததைச் சரியாகத்தான் அளக்கிறது. ஆனால் திரையில் ஆலை தூய்மையாகிவிட்டது. இங்கேயும் பழுது, ஆலை விரும்பும் திசையிலேயே எண்ணைத் தள்ளுகிறது.

இத்தகைய எண்களுக்குச் சட்டத்தின் கண்ணும் வந்து சேர்ந்தபோது இந்தத் தொழிலின் பொருளே மாறியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், அதிகம் மாசுபடுத்தக்கூடிய 17 வகைத் தொழில்களுக்கும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும், புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளந்து இணையவழி அனுப்பும் கருவிகளைப் பொருத்துமாறு உத்தரவிட மாநில வாரியங்களை அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டினால்தான் இயங்கலாம் என்றாயிற்று. அந்நிலையை எட்டுவதற்கு ஓட்டமானிகளும், உப்பின் அளவைக் காட்டும் கடத்துத்திறன் மானிகளும், பி.எச். கருவிகளும், எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) அமைப்புகளின் கட்டுப்பாடுகளும் வேண்டும். இவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் மட்டும் உரியதாக இருந்த ஒரு வேலை, பின்னலாடை ஊருக்கும் தோல் பதனிடும் ஊருக்கும் வந்தது இப்படித்தான்.

இதில் ஒரு தார்மீகச் சுமையும் உண்டு. அதை மறைத்து இளைஞர்களை இத்துறைக்கு அழைப்பது நியாயமன்று. அளவீடு வரம்பைத் தாண்டும்போது, அதைச் 'சரிசெய்து' தரும்படி கருவியியல் தொழில்நுட்பரிடம் சிலர் கேட்கக்கூடும். கேலிப்ரேஷனில், அதாவது அறிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிபார்த்துத் திருத்தும் வேலையில், ஒரு சிறு திருத்தம் போதும், வெளியாருக்குத் தெரியாது. அந்தக் கருவியை அமைத்தவருக்கும் பராமரிப்பவருக்கும் மட்டுமே தெரியும். அந்த வேளையில் அவர் மறுப்பதும் மறுக்காததும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறு வைத்திருப்பவரின் வாழ்வைத் தொடுகிறது.

எண்ணை நம்பியதால் நேர்ந்த பேரிடர்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். இரண்டும் 2005-இல் நடந்தவை. மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் திரவம் 158 அடிவரை நிறைந்துவிட்டது. ஆனால் மட்டக் கருவி 10 அடிக்கும் குறைவு என்று காட்டியதோடு, மெல்ல இறங்கிவருவதாகவும் காட்டியது. அந்தக் கருவி திரவத்தில் மூழ்கும் ஒரு மிதவையின் எடையிழப்பைக் கொண்டு மட்டத்தைச் சொல்வது. மிதவை முழுதும் மூழ்கிய பிறகு அதற்கு மட்டம் தெரியாது. திரவத்தின் அடர்த்தி மட்டுமே தெரியும். திரவம் சூடாகி அடர்த்தி குறையக் குறைய, மட்டம் இறங்குவதாகக் கருவி சொல்லிக்கொண்டே போனது. அதை அந்தத் திரவத்துக்குப் பொருந்தாத அடர்த்திக்குத்தான் கேலிப்ரேட் செய்திருந்தார்கள். தனியாக இருந்த உயர்மட்ட எச்சரிக்கை ஒலிக்கவில்லை. திரவம் வழிந்து தீப்பற்றியதில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமுற்றார்கள்.

டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில், பெட்ரோல் நிறைந்துகொண்டிருந்த தொட்டியின் மட்டமானி அசையாமல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் அது பலமுறை அப்படி நின்றிருந்தது. அதற்குத் துணையாக இருந்த உயர்மட்டச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. சோதனைக்காக அந்தச் சுவிட்சில் ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இயங்குநிலையில் பிடித்துவைக்க ஒரு சிறு பூட்டு மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பூட்டின் அவசியம் பொருத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்து, அதிகாலையில் ஆவிமேகம் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் உயிரிழப்பு இல்லை. 43 பேர் காயமுற்றார்கள். ஒரு பூட்டின் பயனைக் கையேட்டில் தேடிப் படித்திருக்க வேண்டிய ஒருவரின் வேலையைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இத்தகைய பேரிடர்களைத் தடுப்பதற்கான 'பாதுகாப்புக் கருவி அமைப்பு' என்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஆலையை ஓட்டும் கட்டுப்பாட்டிலிருந்து பிரிந்து நின்று, ஆபத்து நெருங்கும்போது ஆலையை நிறுத்தும் அமைப்பு அது. ஐ.இ.சி. 61511 என்ற பன்னாட்டுத் தரத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கு வடிவமைப்பு அலுவலகங்களில் நல்ல மதிப்பு இருக்கிறது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நதான்ஸ் நிலையத்தில் சுழல் இயந்திரங்களைக் கெடுத்தபடியே, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோன்ற பழைய அளவீடுகளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் காட்டியது. அதன் பிறகு கட்டுப்பாட்டு அமைப்புகளின் இணையப் பாதுகாப்பும் இந்தத் தொழிலின் ஒரு கிளையாயிற்று. கணினி நாட்டமுள்ள கருவியியல் மாணவர் தம் படிப்பைக் கைவிடாமலே போகக்கூடிய வழி அது.

வாசல்கள் பல உண்டு. ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டு. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ. பொறியியல் பட்டம் எம்.ஐ.டி. வளாகம், திருச்சி என்.ஐ.டி., அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில். மணலி, நெய்வேலி, தூத்துக்குடி, கடலூர், மேட்டூர், புகளூர், கல்பாக்கம் என்று வேலைக்களங்கள் மாநிலமெங்கும் பரவியிருக்கின்றன. மருந்து ஆலைகள், அங்கீகாரம் பெற்ற கேலிப்ரேஷன் ஆய்வகங்கள், கருவி நிறுவனங்களின் சேவைப் பிரிவுகள், சென்னையின் வடிவமைப்பு அலுவலகங்கள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளிலும் சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் தமிழ்த் தொழில்நுட்பர்கள் நெடுங்காலமாக உழைக்கிறார்கள். அங்கே பட்டத்தைவிட, வெடிக்கும் தன்மையுள்ள வாயுச் சூழலில் கருவிகளைக் கையாளும் சான்றிதழுக்கும், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் 'ஷட்டவுன்கள்' எத்தனை பார்த்திருக்கிறார் என்பதற்கும் எடை அதிகம். டிப்ளமோ படித்துவிட்டுப் பத்தாண்டு களத்தில் நின்றவர், பட்டதாரிக்குச் சமமாகவோ மேலாகவோ மதிக்கப்படும் சில துறைகளுள் இதுவும் ஒன்று.

கடினமும் உண்டு. ஆலை இரவில் நிற்காது. அனலைசர் பழுதாகும் நேரத்தைத் தேர்ந்தெடுக்காது. மழையில் 40 மீட்டர் உயரப் புகைபோக்கியின் மேடையில் நின்று வடிகட்டி மாற்ற வேண்டியிருக்கும். முதல் சில ஆண்டுகளின் ஊதியம், அதே வகுப்பில் படித்து மென்பொருளுக்குப் போன நண்பரின் ஊதியத்தை எட்டாமல் இருக்கலாம். பெண்கள் வடிவமைப்பிலும் டிசிஎஸ் பணியிலும் வருமளவுக்குக் களப்பணிக்கு வருவதில்லை. இரவு ஷிஃப்டுக்கான போக்குவரத்தும் களத்தில் கழிப்பறையும் இல்லாததே அதற்குக் காரணமாக இருக்கிறது. திறமை ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. அது ஆலை நிர்வாகங்கள் திருத்தக்கூடிய, திருத்த வேண்டிய குறை.

சேர விரும்புபவர் படிக்கும் காலத்திலேயே செய்துகொள்ளத்தக்கவை சில. ஒரு பிளாட்டினம் வெப்ப உணரியை உருகும் பனிக்கட்டியில் வைத்து அது 100 ஓம் காட்டுவதையும், கொதிநீரில் ஏறத்தாழ 138.5 ஓம் காட்டுவதையும் கையால் அளந்து பார்க்க வேண்டும். குழாய்–கருவி வரைபடத்தைத் தடுமாறாமல் வாசிக்கப் பழக வேண்டும். வேதியியலை வெறுக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த பிறகு, நல்ல மூத்தவர் ஒருவர் வாய்த்தால், முதல் வாரமே ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்: கேலிப்ரேஷனுக்குப் போனதும் ஸ்குரூடிரைவரை எடுக்காதே, முதலில் கருவி இப்போது என்ன காட்டுகிறது என்று எழுது. படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. திருத்துவதற்கு முன் கண்ட அளவு, திருத்திய பின் கண்ட அளவு என்று இரண்டு. அவசரத்தில் பலர் முதல் கட்டத்தையும் சரியான எண்ணாலேயே நிரப்பிவிடுகிறார்கள். கடந்த ஆறு மாதங்களாக அந்தக் கருவி எவ்வளவு தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது, அந்தத் தவறை நம்பி ஆலை என்னவெல்லாம் செய்தது என்பதை அறிய அந்தக் கட்டத்தைத் தவிர வேறு பதிவு எங்கும் இல்லை.